விரியும் பிரபஞ்சம், மறைநூல் வரிகள்: மேடையேறும் முன் களைய வேண்டிய பிழைகள்

ஏப்ரலில் சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாவுக்கு ‘அறிவியலும் ஆன்மிகமும்’ என்று பேச நினைப்பவர்களின் கை முதலில் போவது திருவாசகத்துக்குத்தான். திருவண்டப்பகுதியில் வரும் ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்ற அடியைக் காட்டி, பிரபஞ்சம் விரிவதை மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார் என்பார்கள். தயவுசெய்து இன்னும் இரண்டு அடி சேர்த்துப் படியுங்கள். வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசியைப்போல அத்தனை அண்டங்களும் சிறுத்துப்போக, அவன் பெரியோன் என்கிறது பாட்டு. ‘விரிந்தன’ அங்கே அண்டங்களின் பெருக்கத்தையும் பரப்பையும் குறிக்கிறது. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுவதாகப் பாட்டில் இல்லை. காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலோரம் அந்தத் தூசியைப் பார்த்தவருக்கு உவமை சட்டென்று பிடிபடும். அதை விட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்தால் பாட்டின் உயிர் போய்விடும்.

மற்ற மறைநூல்களுக்கும் இதே சோதனைதான். ஏசாயா 40:22 வானத்தைக் கூடாரமாக விரிப்பதைச் சொல்கிறது. கட்டி முடித்த கூடாரம் வளர்ந்துகொண்டே போவதில்லை. குர்ஆன் 51:47இன் ‘மூசிஊன்’ என்ற சொல்லுக்கு ‘விரிவாக்குவோர்’, ‘பேராற்றல் உடையோர்’ என இரு விதமான மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒன்றை மட்டும் காட்டி வாதிடாதீர்கள். விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதைக் காட்டிய வானியலாளர் ஹப்பிளின் 1929ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு முந்திய விளக்கவுரைகள் அந்த வரிக்கு என்ன பொருள் சொல்கின்றன என்று பாருங்கள்.

எண் பொருத்தம் இன்னொரு பொறி. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, ‘ஏறக்குறைய ஒன்றுதானே’ என்பார்கள். பூமியின் வயதில் அளவீட்டுப் பிழை சுமார் 5 கோடிதான், இடைவெளியோ 22 கோடி. அதைவிட முக்கியம், 432 கோடி என்பது கல்பத்தின், அதாவது பிரம்மாவின் அந்த ஒரு பகலின், முழு நீளம். புராணக் கணக்கின்படியே இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி.

அறிவியல் பக்கத்திலும் சறுக்குகிறார்கள். பெருவெடிப்பு வெற்றிடத்தில் ஓரிடத்தில் வெடித்த பட்டாசு அன்று. அதற்கு மையம் கிடையாது. விரிவது தொலைதூர விண்மீன் கூட்டங்களுக்கு இடையிலான வெளி. 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு ஒருமுறை விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் கூடும். ஈர்ப்பால் கட்டுண்டவை விரிவதில்லை. அண்டை விண்மீன் கூட்டமான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கித்தான் வருகிறது; சிங்கப்பூரின் கிழக்கிலுள்ள சாங்கிக்கும் மேற்கிலுள்ள துவாசுக்கும் இடையே தூரமும் அதிகரிக்காது.

அந்த 70உம் முடிந்த கணக்கு அன்று. ஒரு முறையில் அளந்தால் 67, வேறொரு முறையில் 73. மாறக்கூடிய அறிவியல் மாதிரியில் மறைநூலைக் கட்டிவைத்தால், மாதிரி திருத்தப்படும் நாளில் நூலுக்கும் இழுக்கு வரும். விரியும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இல் எழுதிய இயற்பியலாளர் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் போப்பாண்டவர் 12ஆம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது மனம் வருந்தியவர் அவர்தான். மறு ஆண்டு வானியலாளர்களிடம் பேசியபோது போப்பாண்டவர் அந்த ஒப்பீட்டைத் தொடவில்லை.