முதல் கேமிங் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தல்

எந்தத் திரையில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1920×1080 திரையைக் காட்டிலும் 3840×2160 திரையில் நான்கு மடங்கு பிக்சல்கள் இருப்பதாலும், அவற்றை வரையும் சுமை கிராஃபிக்ஸ் கார்டின் மீதே விழுவதாலும், பணத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்க வேண்டும்.

கணக்கீடுகளைச் செய்யும் சிப்பான ப்ராசஸரும், பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டும் ஒரே சாக்கெட்டுக்கு (ப்ராசஸர் அமரும் பொருத்திடம்) உரியவையாக இருக்க வேண்டும். ப்ராசஸர் தயாரிப்பு நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கொண்ட மதர்போர்டில் டிடிஆர்5 வகை ராம் (தற்காலிக நினைவகம்) மட்டுமே பொருந்தும். 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டு துண்டுகளாக வாங்கினால், ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையிலான இரு தடங்களும் இயங்கி வேகம் கூடும். சேமிப்புக்கு ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போதும்.

பவர் சப்ளையில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். அதன் மீதுள்ள 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை அதிகம் வீணாக்காமல் மாற்றித் தரும் திறனை மட்டுமே குறிக்கிறது, பாதுகாப்பை அன்று. ஆகவே மிகைமின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்புகள் உள்ளனவா என்று பார்த்து, கிராஃபிக்ஸ் கார்டு தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வாட் அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள்களின் முனைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளிணைப்பு மாறுபடக்கூடும் என்பதால், வேறொரு பவர் சப்ளையின் கேபிளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

பாகங்களை உள்ளே பொருத்தும் பெட்டியான கேபினெட்டை இறுதியில் தேர்ந்தெடுங்கள். கார்டின் நீளமும் ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரமும் அதற்குள் அடங்குமா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்ட பிறகே பணம் செலுத்துங்கள்.