ஆட்கள் கூடியிருக்கும் வீட்டில் ஒருவருக்கு வாந்தி பேதி ஆரம்பித்தால்

படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) சாந்திக்கோ (அறுபதாம் கல்யாணம்) ஊருக்கு வந்து பங்காளிகள் எல்லாரும் ஒரே வளவில் தங்கியிருக்கும்போது, ஒரு பிள்ளை ராத்திரி எழுந்து வாந்தி எடுத்தால் முதலில் வரும் கேள்வி "மத்தியானம் என்ன சாப்பிட்டே?" என்பதுதான். அடுத்த நிமிடமே சமையல்காரர் மேல் பழி விழும். சில நேரம் அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் பழி போடுவதற்கு முன்னால் நேரத்தைக் கணக்குப் பாருங்கள், ஏனென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

சாப்பாடு கெட்டு அதில் ஊறிய நஞ்சினால் வாந்தி என்றால், ஒரே பந்தியில் உட்கார்ந்த பலருக்கும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்தாற்போல ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும், மற்றவருக்குத் தொற்றாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி வாந்திபேதியைக் கொடுக்கிற நோரோவைரஸ் அப்படியில்லை. உடம்புக்குள் போய் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். இன்றைக்கு ஒரு பிள்ளை, நாளைக்கு அதை மடியில் வைத்திருந்த அத்தை, மறுநாள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்த இரண்டு பேர் என்று ஒவ்வொருவராக விழுந்தால் அது தொற்று வைரஸ்தான். சமைத்தவர் கையிலிருந்தே சாப்பாட்டில் கலந்திருந்தால் பலருக்கும் ஒன்றாக வரும், ஆனால் அப்போதும் அது பந்தி முடிந்த அன்றைக்கே வராது, பெரும்பாலும் மறுநாள்தான் வரும்.

அறிகுறிகளும் ஓரளவு அடையாளம் காட்டும். நோரோ என்றால் திடீரென்று குமட்டி வாந்தி, தண்ணீர் மாதிரி பேதி, வயிற்றைப் பிசையும் வலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல், ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாக விட்டுவிடும். மலத்தில் ரத்தம் இருக்காது. ரத்தமோ சளியோ கடுமையான காய்ச்சலோ இருந்தால் வேறு கிருமி என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் கொட்டுகிற மாதிரி போனால் அது காலராவாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் வந்தால் நோரோவைவிட அதிக நாள் இழுக்கும். 2017-லிருந்து தமிழ்நாட்டில் இதற்கான சொட்டு மருந்தை 6, 10, 14 வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, வைத்தியம். வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது, ஆன்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. பேதியை நிறுத்துகிற மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. உடம்பிலிருந்து போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பதுதான் முழு வைத்தியமும், அதற்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அதே மாதிரி பெயரோடு அட்டை டப்பாவில் வந்த இனிப்புப் பானங்களில் சர்க்கரை கூடுதல், அவை பேதியை அதிகமாக்கும். வெறும் குளுக்கோஸ் தூளைக் கரைத்துக் கொடுப்பதும் சரியில்லை, அதில் உப்பு கிடையாது. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்துதான் தண்ணீரை உள்ளே இழுக்கின்றன, ஒன்று இல்லாவிட்டால் மற்றது பாதி வேலைதான் செய்யும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கரைத்து 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கலக்காதீர்கள். நடுராத்திரியில் கடை இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியில் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து, அதனால் கரைத்ததை நாக்கில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

கொடுக்கிற விதத்தில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். தாகம் தாங்காமல் பிள்ளை ஒரு டம்ளரை மடக் மடக்கென்று குடிக்கும், உடனே வாந்தியில் அத்தனையும் வெளியே வரும், "தண்ணிகூடத் தங்கலையே" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. வாந்திக்குப் பிறகு பத்து நிமிடம் விட்டு, தேக்கரண்டியால் ஒரு வாய், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு வாய். அலுப்பான வேலை, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும், ஆனால் இப்படிக் கொடுத்தால் பெரும்பாலும் தங்கும். வாந்தி மட்டுப்பட்ட பிறகு ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்கள் வேண்டிய மட்டும். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். ஜிங்க் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள், ஆறு மாதத்துக்கு மேல் உள்ள குழந்தைக்கு நாளுக்கு 20 மி.கி., பேதி நின்றுவிட்டாலும் பதினான்கு நாள் முடிக்க வேண்டும். பசித்தால் கஞ்சி, இட்லி, வெறும் இடியாப்பம், மோர் சாதம் எதுவும் கொடுக்கலாம், பட்டினி போட வேண்டியதில்லை. மிளகு மசாலா எல்லாம் இரண்டு நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். உடம்பு சரியில்லாதவரைத் தேற்றுவதைவிட, இருக்கிற முப்பது பேருக்கும் பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம், அங்கேதான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். வாந்தியோ பேதியோ வந்தவர் அது நின்ற பிறகும் முழுசாக இரண்டு நாள் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. காய் நறுக்கக் கூடாது, இடியாப்பம் பிழியக் கூடாது, பந்தியில் பரிமாறக் கூடாது. "எனக்கு இப்ப ஒண்ணுமில்லை, சரியாப்போச்சு" என்று ஆச்சி எழுந்து போவார்கள். கூடியிருக்கிற வீட்டில் சும்மா உட்கார அவர்களுக்கு மனசு வராது, அது புரிகிறது. ஆனால் நோய் நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை மலத்தில் வைரஸ் வந்துகொண்டிருக்கும், அதில் முதல் இரண்டு நாள் மிக மோசம், ஒருவருக்குத் தொற்றச் சில பத்துத் துகள்களே போதும். கொதிக்கிற குழம்பில் அது சாகும். கை பட்டு, பிறகு அடுப்பில் ஏறாமல் இலைக்கு வருகிற பச்சடி, தேங்காய்ச் சட்னி, மோர், நறுக்கிய பழம் இவைதான் பயம். பட்டாலையில் (கூடத்தில்) ஒரு அண்டா தண்ணீரும் அதில் எல்லாரும் முக்கி எடுக்கிற ஒரே சொம்பும் இருந்தால் அன்றைக்கே அதை எடுத்துவிட்டு, குழாய் வைத்த பாத்திரத்தை வையுங்கள்.

கைக்கு சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான், விரலிடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து இருபது எண்ணும் வரை. கொரோனா காலத்துச் சானிடைசரை நம்ப வேண்டாம். கொரோனாவுக்கு இருந்த கொழுப்பு உறை இந்த வைரஸுக்குக் கிடையாது, ஆல்கஹால் இதைச் சரியாக அழிக்காது.

வாந்தி எடுத்த இடத்தைத் துடைக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். வாயிலும் மூக்கிலும் துணி, கையில் உறை. துடைப்பத்தால் கூட்டினால் இன்னும் தெறிக்கும், பழைய துணியையோ செய்தித்தாளையோ மேலே போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளிப் பையில் கட்டிவிடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை அந்த இடத்திலும் சுற்றி ஆறடி வரையிலும் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கதவுக் குமிழ், குழாய், கழிப்பறைத் தாழ்ப்பாள், செல்போன் இதற்கெல்லாம் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பவுடர் போதும், செல்போனை மட்டும் நனைக்காமல் அதில் முக்கிப் பிழிந்த துணியால் துடையுங்கள். நெடி போன பழைய பவுடரால் பயனில்லை, கரைத்ததை மறுநாளைக்கு வைக்கவும் கூடாது. ஆத்தங்குடி கல் பதித்த தரை என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், சிமென்ட் கல்லை அது அரித்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிப்பறைக்குள் மூச்சடைத்துவிடும். நனைந்த ஜமுக்காளம், தலையணை உறையை உதறாமல் தனியாக வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். ஊரணிக்குக் கொண்டுபோய் அலசவே கூடாது, பல ஊர்களில் அது குடிக்கிற தண்ணீர்.

விசேஷம் முடிந்து எல்லாரும் கார் ஏறிய பிறகு அந்தப் பெரிய வீட்டில் மிஞ்சுவது அப்பத்தாவும் ஐயாவும்தான் என்பதை மறக்காதீர்கள். 48 மணி நேரம் வரை கழித்தும் அவர்களுக்கு ஆரம்பிக்கலாம், அப்போது பக்கத்தில் ஆள் இருக்காது. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, உடம்பில் நீர் வற்றியதா என்று தோலைக் கிள்ளிப் பார்க்கிற சோதனையும் அவர்களிடம் பலிக்காது. சிறுநீர் எத்தனை தடவை போனார்கள், எழுந்தால் தலை சுற்றுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கேளுங்கள். பிரஷர், நீர் பிரிகிற மாத்திரை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால், அந்த நாட்களில் எதைத் தொடர்வது எதை நிறுத்திவைப்பது என்று அவர்களுடைய மருத்துவரிடம் அன்றே போனில் கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் ஒருவர் போன் செய்ய வேண்டும், அவர்கள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் பக்கத்து வீட்டாரை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழிந்துவிட்டது, குழந்தை அழுதால் கண்ணீர் வரவில்லை, துவண்டு கிடக்கிறது, எது கொடுத்தாலும் தங்கவில்லை, வாந்தி பச்சையாக வருகிறது, இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நகர முடியாதவர் என்றால் 108. ஒரே தெருவில் நாலைந்து பேர் விழுந்துவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 சுகாதார உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள், தண்ணீர்த் தொட்டியைப் பரிசோதிக்க அவர்கள் ஏற்பாடு செய்ய முடியும். அதுவரை குடிக்கிற தண்ணீர் கேன் தண்ணீராக இருந்தாலும் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவிட்டே குடியுங்கள்.