பூட்டிக் கிடந்த வீட்டில் பாம்பு: ஊருக்குப் போகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கோ நத்தார் விடுமுறைக்கோ யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர் இப்போது ஹோட்டல் எடுப்பதில்லை. அம்மா அப்பாவின் வீடு இருக்கிறது, அங்கேயே நிற்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டில் எலி குடிவந்திருக்கும், பல்லி பெருகியிருக்கும், வளவில் காவோலையும் பழைய கிடுகும் குவிந்திருக்கும். எலியையும் பல்லியையும் தேடிப் பாம்பு வரும். ஆவணி வெயிலில் கிணற்றடி, குளியலறை, பூச்சாடி என்று குளிர்ச்சியான இடம் பார்த்து ஒதுங்கும். மார்கழி மாரியில் புற்றுக்குள் வெள்ளம் ஏறினால் விறாந்தைக்கே வரும்.

பாம்பை அடையாளம் காண்பது அதைப் பிடிப்பதற்காகவோ அடிப்பதற்காகவோ அல்ல. எவ்வளவு தூரம் விலகி நிற்பது, அன்றிரவு எங்கே படுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான். ஆகவே மூன்று மீற்றருக்குக் கிட்டப் போகாதீர்கள். கைத்தொலைபேசியில் பெரிதாக்கி மூன்று இடத்தைப் படமெடுங்கள்: தலை, நடு முதுகு, வால். ரொறன்ரோவில் புல்லுக்குள் ஓடும் கார்ட்டர் பாம்பைக் கையால் தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விமானம் ஏற முன்னரே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குள் வருவதில் குழப்பம் தருகிற சோடி ஒன்று உண்டு: கட்டுவிரியனும் ஓநாய்ப் பாம்பும். இரண்டும் மெல்லியவை, இரண்டும் இரவில் திரிபவை, இரண்டுக்கும் இருண்ட நிற உடம்பில் வெள்ளைப் பட்டை. ஓநாய்ப் பாம்புக்கு விஷமே இல்லை. கட்டுவிரியன் கடித்தால் மூச்சு நின்றுபோகும். பட்டை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கும், முன்பக்கம் தெளிவாக இருக்கும், வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனில் இது தலைகீழ். தலைக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வெறும் கறுப்பு. பிறகு நூல் பிடித்தாற்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள், அநேகமாகச் சோடி சோடியாக. வால் பக்கம்தான் அவை பளிச்சென்று தெரியும். உடம்பு எண்ணெய் பூசியது போல மினுங்கும். ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் மண்ணிறம், தலை தட்டை, சுவரில் லேசாக ஏறிப் பல்லி பிடிக்கும். சுவரில் ஏறுகிறதே, அப்படியானால் ஓநாய்தான் என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். வயதான கட்டுவிரியனில் கோடுகள் மங்கியும் இருக்கும். சந்தேகம் இருக்கும்வரை அது கட்டுவிரியன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பைக் காணாமல் சட்டையை மட்டும் கண்டெடுத்தாலும் ஓரளவு சொல்லலாம். அதை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். கட்டுவிரியனின் சட்டையில் முதுகின் நடுவே ஒரு வரிசைச் செதில் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வாலின் அடிச்செதில்கள் பிளவுபடாமல் முழுசாக இருக்கும். ஓநாய்ப் பாம்பின் முதுகில் அந்தப் பெரிய வரிசை இல்லை, வாலடிச் செதில்களும் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். கொம்பேறி மூக்கன் போன்ற வேறு சிலவற்றுக்கும் நடுமுதுகுச் செதில் பெரிதுதான். ஆகவே அந்த வரிசை இல்லையென்றால் கட்டுவிரியன் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். இருந்தால் அன்றிரவே வீட்டைத் துப்புரவாக்குங்கள்.

வளவில் நீளமாக ஒன்று ஓடினால் பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அது சாரை, விடுங்கோ தம்பி" என்பார். அநேகமாக அவர் சொல்வது சரி. ஆனாலும் படமெடுக்காத நாகமும் தூரத்துக்குச் சாரை போலத்தான் தெரியும். சாரைக்குக் கண் பெரிது, உதட்டுச் செதில்களின் ஓரங்களில் கறுப்புக் கோடு கீறினாற்போல இருக்கும், ஆளைக் கண்டால் ஓட்டமெடுக்கும். நாகத்தின் கழுத்தின் அடிப்பக்கத்தில் அகலமான கரும்பட்டை தெரியும். சாரையும் நாகமும் பிணைகின்றன என்று யாராவது கூப்பிட்டுக் காட்டினால், நீங்கள் பார்ப்பது இரண்டு ஆண் சாரைகளின் சண்டையை. அதை அங்கே சொல்லி வாக்குவாதப்படத் தேவையில்லை. நாகதம்பிரான் என்று கும்பிட்டுப் பாம்பை அடியாமல் விடுகிற வழக்கம் நமக்கு நன்மைதான்.

புடையன், அதாவது கண்ணாடி விரியன், தோட்டப் பக்கமும் வயல் பக்கமும் இருக்கும். தடித்த மண்ணிற உடம்பின் நீளத்துக்கு மூன்று வரிசையில் கருவிளிம்பு போட்ட நீள்வட்டப் புள்ளிகள்; முக்கோணத் தலை; சீண்டினால் பலத்த சீறல். இதோடு மாறாட்டமாவது மண்ணுளிப் பாம்பு. அதன் கறைகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கும், வால் கட்டையாக முடியும், கழுத்து என்று தனியாக எதுவும் தெரியாது. இரண்டுமே ஆளைக் கண்டதும் ஓடுவதில்லை. அசையாமல் கிடக்கிறதே என்று பிள்ளை கிட்டப் போவது இங்கேதான். கரையோர மணல் பக்கம் தங்கினால் சுருட்டை விரியனையும் நினைவில் வையுங்கள். ஓரடி அளவுதான் வரும், மடிந்து சுருண்டு செதிலை உரசி 'சர்ர்' என்று சத்தம் போடும்.

அறைக்குள் பாம்பைக் கண்டால் ஆட்களை வெளியேற்றிக் கதவைச் சாத்துங்கள், கதவின் கீழ் இடைவெளியைத் துவாயால் அடையுங்கள், யன்னல் வழியாக ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். எங்கே போனது என்று தெரியாத பாம்புதான் தொல்லை. ஊரில் பாம்பு பிடிக்கப் பழகியவர் யாரென்று அயலாருக்குத் தெரியும்.

படுக்கை விஷயத்தில் சமரசம் வேண்டாம். வெக்கைக்குச் சீமெந்து நிலத்தில் பாய் போட்டுப் படுப்பது சுகம், ஆனால் கட்டுவிரியன் கடிப்பது அப்படிப் படுத்திருப்பவரைத்தான். கட்டிலில் படுங்கள், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிவிடுங்கள். கட்டுவிரியன் கடி பல வேளை வலிக்காது, பல் பதிந்த இடமும் தெரியாது. நடுச்சாமத்தில் ஒருவர் வயிற்றுவலி என்று எழும்பி, பிறகு இமையைத் தூக்க முடியவில்லை என்றால், இரவுக் கொத்துரொட்டியைக் குறை சொல்லிக்கொண்டிராமல் 1990-க்கு எடுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

கடி எதுவானாலும் அரச வைத்தியசாலைக்கே போங்கள். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். அவுஸ்திரேலியாவில் பழகிய இறுக்கமான பன்டேஜ் முறை புடையன் கடிக்குப் பொருந்தாது. வீக்கம் ஏற முன்னர் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை; வெட்டுண்ட தலையும் கடிக்கும், படம் போதும். படம் இல்லாவிட்டாலும் வைத்தியர்கள் கைவிட மாட்டார்கள். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். இலங்கையில் பாவிக்கும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை நான்குக்கும் பொதுவானது. அதற்கு ஒவ்வாமை ஏற்படுவது சாதாரணம், ஆகவே ஒவ்வாமை ஏதும் முன்பு இருந்தால் சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுக்கிற பெரியவர் என்றால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், அந்தக் குழாய்ச் சோதனை அதனால் பிழையாகத் தெரியலாம். வலிக்கென்று பயணப் பையில் இருக்கும் ஐபுப்ரோஃபெனையோ அஸ்பிரினையோ கொடுத்துவிடாதீர்கள்.