காணிக் குடியிருப்பில் சுகாதார ஆய்வு: பணமும் கூட்டும் சறுக்கும் இடங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைக்கு அந்தப்பக்கம் இருக்கும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கு ஆய்வுக்காரர்கள் போவது புதிதல்ல. உயரம், எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், பச்சிலைப் பெயர்களை எழுதிக்கொள்வார்கள். அப்புறம் படகேறினால் போனதுதான். பழங்குடி மக்களே தங்கள் உடல்நல ஆய்வை முன்னின்று நடத்த வேண்டும் என்ற பேச்சு இப்போது பரவலாகியிருக்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் அதை நம்பி எழுதப்படும் திட்டங்களும் சறுக்குவது பழைய இடங்களில்தான்.

பெரிய சறுக்கல், பணம் உறுதியான பிறகு மக்களைத் தேடிப் போவது. கேள்வி முடிவாகி, பட்ஜெட்டும் முடிவாகி, ‘சமூகப் பங்கேற்பு’ என்ற பத்தியை நிரப்ப மட்டும் ஊர்த்தலைவரான மூட்டுக்காணியின் கையெழுத்து தேவைப்படுகிறது. மூட்டுக்காணி சொன்னால் ஊர் கேட்கும், சரி. ஆனால் அவர் கையெழுத்து மற்றவர்களின் சம்மதம் ஆகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளும் சமூகத்தின் ஒப்புதல் தனியாளின் ஒப்புதலுக்கு ஈடல்ல என்றே சொல்கின்றன.

யாரோடு பேசினோம், யாரை விட்டோம் என்பது எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் கதையே போதும். 1987இல் மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில், வழிகாட்டியாக வந்த காணிகள் களைப்புத் தெரியாமல் நடப்பதைப் பார்த்த விஞ்ஞானிகள், அவர்கள் தின்ற காயைப் பற்றி விசாரித்தார்கள். அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து பிறந்தது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் உரிமம் போனது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு. உலகமே பாராட்டியது. ஆனால் அந்தப் பாதியை வாங்கிக்கொள்ளக் காணிகளிடம் அமைப்பே இல்லை. அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது, பணம் 1999இல்தான் கைக்கு வந்தது. எங்களைக் கேட்கவே இல்லையே என்று பல குடியிருப்புகள் வருத்தப்பட்டன. இலை பறிக்க வனத்துறை தடை சொன்னதால் மருந்துக்கு மூலப்பொருளும் முடங்கியது. அமைப்பு முதலில், ஒப்பந்தம் பிறகு என்று போயிருந்தால் இதில் பாதிச் சிக்கல் வந்திருக்காது.

அமைப்பைத் தொடங்கியவுடன் வெளிநாட்டு மானியம் வாங்கிவிடலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவுக்குப் பொதுவாக மூன்று வருட வயதும் 15 லட்ச ரூபாய் செலவுக் கணக்கும் கேட்பார்கள். சரி, நாகர்கோவிலில் ஏற்கெனவே பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி ஊர் அமைப்புக்குக் கொடுக்கட்டும் என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் சட்டப்படி முடியாது. இது தெரியாமல் எழுதிய திட்டம் கையெழுத்தாகும் நேரத்தில் நிற்கும். உள்நாட்டு நிதியைத் தேடுவதே முதல் சில வருடங்களுக்கு நடைமுறை. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் என்ற ஆறு பிரிவுகளின் பட்டியலில் காணிகள் இல்லை. அந்தப் பட்டியலுக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் பழங்குடிகளின் உடல்நல ஆய்வுக்கான ‘நார்ச்’ என்ற திட்டத்தில் மானியம் பழங்குடி அமைப்பின் பெயருக்கே போகிறது, பல்கலைக்கழகம் கூட்டாளியாக உட்காருகிறது. இங்கே பெரும்பாலும் நேரெதிர். பிளஸ் டூ முடித்த காணிப் பெண்ணுக்குக் கிடைப்பது வழிகாட்டி வேலை, தினக்கூலி, கடைசியில் கட்டுரை அடியில் ஒரு நன்றி. கேள்வித்தாள் தயாரிக்கவும் தரவைப் பிரித்துப் பார்க்கவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்து, மாதச் சம்பளத்தைப் பட்ஜெட்டிலேயே எழுதாதவரை ‘திறன் வளர்ப்பு’ என்ற தலைப்பை எடுத்துவிடலாம். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பதும் இந்த ரகம்தான். ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர்கள் அந்நேரம் பால் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ரத்த மாதிரி விஷயத்தில் அசட்டை கூடவே கூடாது. அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் 1990 வாக்கில் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அது மனநோய் ஆய்வுக்கும், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடவும் பயன்பட்டது. வழக்கு 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்து முடிந்தது. அதனால் மாதிரி எங்கே இருக்கும், எத்தனை வருடம், வேறு ஆய்வுக்கு எடுத்தால் யாரிடம் கேட்க வேண்டும், முடிந்ததும் அழிப்பதா திருப்புவதா என்பதையெல்லாம் தமிழில் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை ஊரிலேயே வைத்த பிறகு ஊசியை எடுங்கள்.