மேலிருந்து வாயு ஊட்டும் அரைமூடிய ரீபிரீதர்: ஃப்ளோ வைக்கும் முறை

25 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 3.5 பார். மும்முரமாக வேலை செய்யும் டைவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால், விட்ட மூச்சு அப்படியே தண்ணீருக்குப் போகும் திறந்த சுற்றில் மேலிருந்து 140 லிட்டர் போயாக வேண்டும். உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனோ 2 லிட்டர்தான். அரைமூடிய கருவியில் விட்ட மூச்சு சோடா லைம் டப்பாவில் கார்பன் டை ஆக்சைடை இழந்து மூச்சுப்பைக்குத் திரும்பும். குழாய் வழியே புதுக் கலவை நாசிலில், அதாவது சிறு துளையில், கசிந்தபடி இருக்கும்; இந்த வரத்துதான் ஃப்ளோ; மிச்சம் குமிழாக வெளியேறும். ஆழமான டைவ்களின் கலவையில் சேரும் ஹீலியத்தின் விலைக்கு இது கட்டுப்படியாகும் ஏற்பாடு. அமெரிக்கக் கடற்படையின் மார்க் 5 ஹீலியம் ஹெல்மெட்டின் முதுகிலும் இப்படியொரு டப்பா உண்டு.

40% நைட்ராக்ஸ் (40% ஆக்சிஜன், மீதி நைட்ரஜன்), நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று வையுங்கள். வரும் ஆக்சிஜனில் உடம்பு எடுத்ததைக் கழித்து, மீதி வாயுவால் வகுத்தால் பைக்குள் இருக்கும் ஆக்சிஜன் பங்கு கிடைக்கும். 1 லிட்டர் எடுத்தால் 33%, 2 என்றால் 25%, 3 என்றால் வெறும் 14%. ஆகவே கனமான வேலையைக் கணக்கில் வைத்தே ஃப்ளோ.

நாசிலுக்கு முன்னுள்ள அழுத்தம் வெளி அழுத்தத்தைப் போல இரு மடங்காவது வேண்டும். 25 மீட்டருக்கு 7 பார், முழு அழுத்தக் கணக்கில், அதாவது காற்றின் 1 பாரும் சேர்த்து. கேஜில் 9 காட்டினால் 10 பார், போதும். அந்த இரு மடங்கு குறையாதவரை ஆழம் மாறினாலும் ஃப்ளோ மாறாது. அழுத்தத்தை வைக்கும் ரெகுலேட்டர் படகில், கடல்மட்டக் காற்றில் அல்லவா இருக்கிறது!

முழுக் குழாயையும் மாட்டி, டைவர் முனையில் ஃப்ளோமீட்டர் வைத்து அளக்கவும். பேனல் அளவை நம்பாதீர்கள், நடுவழிக் கசிவும் அதில் சேரும். குறைந்தால் அழுத்தத்தை ஏற்றாமல் நாசிலை மாற்றுங்கள். உப்போ துருவோ அடைத்திருக்கும்.

சோடா லைமை மூன்று பங்காகப் பிரித்துக் கொட்டி, தட்டித் தட்டி நிரப்புங்கள். இடைவெளி விட்டால் வாயு அந்த வழியே சுத்தமாகாமல் ஓடிவிடும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். இறங்கும்முன் 5 நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். டப்பா வெதுவெதுப்பானால் வேலை செய்கிறது.

ஃப்ளோ நின்றால் டைவருக்குத் தெரியாது. பை மெல்லத்தான் சுருங்கும், கார்பன் டை ஆக்சைடு ஏறாததால் மூச்சுத்திணறலும் வராது, நேராக மயக்கம்தான். குழாய் பிடிப்பவர் குமிழைக் கவனிக்கட்டும். நின்றால் நாசிலைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். பயனில்லையென்றால் உடனே பெயில்அவுட், அதாவது அவசர வாயுவுக்கு மாறுதல். ஹெல்மெட்டில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லையேல் குழாய் அறுந்தால் உள்ளிருக்கும் வாயு குழாய் வழியே உறிஞ்சப்படும்.

ஏறுமுன் பையை மூன்று முறை காலிசெய்து புதுக் கலவையால் நிரப்புங்கள். 14% கலவை ஆழத்தில் 0.5 பார் ஆக்சிஜன் தருவதால் டைவர் தெம்பாக இருப்பார். நீர்மட்டத்தில் அதே கலவை 0.14 பார்தான், மயக்கம் வரலாம்.