ஹாம்ஸ்டர் உங்களைக் கண்டு ஒளிகிறதா?

ஊட்டி, குன்னூர் பக்கம் ஹாம்ஸ்டர் (எலி மாதிரி குட்டிச் செல்லப் பிராணி) வளர்ப்பவர்கள் முதலில் தங்கள் கையை மோந்து பாருங்கள். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல். ஆளை மூக்கால்தான் அடையாளம் காணும். சளிக்கு நீலகிரித் தைலம் தேய்த்த கையோடு கூண்டைத் திறந்தால் நீங்கள் அதற்கு வேற்றாள். வாசனையில்லாத சோப்பில் கழுவிவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே மிரண்டுவிட்டதா? சரி, சில நாள் தூக்கவே வேண்டாம். வாசனையில்லாத டிஷ்யூ பேப்பரைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்து கூண்டில் போடுங்கள். அதைக் கிழித்துத் தன் கூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். உங்கள் வாடையோடு தூங்கிப் பழகும். அப்புறம், அது தானாக விழித்திருக்கும் இரவு நேரத்தில் உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு கையை அசைக்காமல் கூண்டுத் தரையில் வையுங்கள். விதையைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு ஓடிவிடும். ஓடட்டும். மேலிருந்து மட்டும் பிடிக்காதீர்கள், அதற்கு அது பருந்து பாய்வது மாதிரி.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் சுருண்டு அசையாமல் கிடந்தால் அது பயமில்லை, குளிரில் விறைத்திருக்கலாம். கூண்டை ஜன்னலோரத்திலிருந்து 20 டிகிரி வாக்கில் இருக்கும் அறைக்கு மாற்றி, மெல்லச் சூடேற்றி, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.