பெங்களூருக்குப் பெற்றோரை அழைத்து வருகிறீர்களா? முதியோர் இல்ல ஆலோசகரிடம் பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரில் வேலை கிடைத்து, ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வீடு பிடித்து ஓராண்டு ஆவதற்குள் பல குடும்பங்களில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவை இங்கே கொண்டு வந்து எங்கே வைப்பது? இணையத்தில் ‘சீனியர் லிவிங்’ என்று தேடி, ஒரு படிவத்தில் போன் நம்பரைப் போட்டதும் ஒருவர் கூப்பிடுவார். நிதானமாகக் கேட்பார், நாலு இடம் சொல்வார், கட்டணம் எதுவும் வேண்டாம் என்பார். அவர்தான் ஆலோசகர்.

கட்டணம் வேண்டாம் என்பது பொய்யல்ல. நீங்கள் சேரும் இல்லம் அவருக்குக் கமிஷன் கொடுக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கமிஷன் தராத இடம் அவர் பட்டியலில் வராது. அறக்கட்டளைகளும் திருச்சபைகளும் நடத்தும் இல்லங்களை நீங்களேதான் தேடிப் போக வேண்டும். வசதியில்லாத முதியவர்களுக்காக ஓசூர் ரோட்டில் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர் சபையினர் நடத்தும் இல்லமும், முற்றிய புற்றுநோயாளிகளைப் பணம் வாங்காமல் கவனிக்கும் கருணாஷ்ரயாவும் எந்தத் தரகர் பட்டியலிலும் இருக்காது. பணம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, முதல் போன் 14567-க்குப் போகட்டும். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் அது, இலவசம். பெங்களூருக்குள் 1090 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு.

முதியோர் பராமரிப்பு ஆலோசகருக்கென்று நம் நாட்டில் தனி உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் விசிட்டிங் கார்டு அடிக்கலாம். ஒரே விதிவிலக்கு, ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான புராஜெக்டில் ஃபிளாட் விற்க முகவராக வருபவர். அவருக்குக் கர்நாடக ரெராவின் முகவர் பதிவு எண் இருந்தாக வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி ரெரா தளத்தில் போட்டுப் பாருங்கள்.

போன் செய்வதற்கு முன் ஒரு வாரம்

ஆலோசகர் கேட்கும் முதல் கேள்வி ‘பட்ஜெட் எவ்வளவு’ என்பதாகவே இருக்கும். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் அந்தத் தொகைக்கு ஏற்ற இடங்கள் வரும். அம்மாவுக்கு ஏற்ற இடம் வருமா என்பது வேறு விஷயம். அதனால் தேவை என்ன என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறையும் வரிசையாக எழுதி, தானாகச் செய்கிறாரா, பக்கத்தில் ஆள் நின்றால் போதுமா, கை கொடுத்தே ஆக வேண்டுமா என்று குறியுங்கள். கேட்டுக் குறிக்காதீர்கள், பார்த்துக் குறியுங்கள். ‘நான் நல்லாத்தான் குளிக்கிறேன்’ என்று அப்பா சொல்வார். முதுகு நனைந்திருக்காது.

அடுத்தது நடை. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். இரண்டடி டைல்ஸ் என்றால் ஐந்து டைல்ஸ் தூரம். வழக்கமான செருப்பு, கைத்தடியோடு நடக்கட்டும். 12 வினாடிக்கு மேல் போனால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்கு ‘தனி வில்லா, தோட்டம்’ என்று யாராவது காட்டினால் அது விற்பவரின் வசதிக்காக.

மூன்றாவது, ஏழு நாள் இரவுக் கணக்கு. எத்தனை தடவை எழுந்தார், எதற்காக, எழுந்தபோது இடம் தெரிந்ததா, வாசல் கதவைத் திறக்கப் போனாரா. கட்டணத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பகல் அல்ல, இந்த இரவுதான். இரவில் நாலு தடவை ஆள் துணையோடு எழ வேண்டியவருக்கு இரவுப் பணிக்குத் தனி அட்டெண்டர் போடச் சொல்வார்கள். அது மாதக் கட்டணத்துக்கு மேல் வரும் செலவு. மறதி கூடுகிறது என்று சந்தேகம் இருந்தால் இல்லம் தேடுவதற்கு முன் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலோ, செயின்ட் ஜான்ஸ் போல முதியோர் மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனையிலோ காட்டி எழுத்தில் வாங்கிவிடுங்கள். டிமென்ஷியாவை மறைத்துச் சேர்த்தால் ஒரு மாதத்தில் ‘வேறு இடம் பாருங்கள்’ என்பார்கள், அதுவும் நடு இரவில் ஒரு தடவை அவர் கேட் தாண்டிப் போன பிறகு.

ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை

எந்த இல்லங்களிடம் கமிஷன் வாங்குகிறீர்கள்? எல்லா இடமும் ஒரே அளவு கொடுக்கிறதா? நாங்கள் மூன்று மாதத்தில் வெளியேறினால் உங்கள் கமிஷன் திரும்பிப் போகுமா? இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நேர்மையானவர் பதில் சொல்லிவிடுவார். அந்த இல்லத்தில் இரவு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியுமா என்றும் பாருங்கள். அங்கே போய் வந்தவருக்குத் தெரியும், பிரசுரத்தை மட்டும் படித்தவருக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல். உங்கள் பெயரையும் நம்பரையும் ஆலோசகர் பத்து இல்லங்களுக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பத்திலும் நீங்கள் ‘அவர் கொண்டு வந்த ஆள்’ ஆகிவிடுவீர்கள். பிறகு நேராகப் போய் விலை பேசினாலும் குறைக்க மாட்டார்கள். அதனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: என்னிடம் கேட்காமல் யாருக்கும் விவரம் போகக் கூடாது, முதலில் மூன்று இடம் போதும். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.

ஆலோசகரால் நிஜமான பயன் எங்கே என்றால், காலி அறை எங்கே இருக்கிறது என்பதிலும், மருத்துவமனையிலிருந்து நாளை டிஸ்சார்ஜ் என்ற அவசரத்திலும்தான். அந்த மாதிரி நேரத்தில் அவர் அரை நாளில் முடிப்பதை நீங்கள் ஒரு வாரம் அலைந்தாலும் முடிக்க முடியாது. ஒப்பந்தத்தைப் படிக்கும் வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது

இரண்டு முறை போங்கள். ஒரு முறை அவர்கள் சொல்லும் நேரத்தில். இன்னொரு முறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு, சொல்லாமல். அப்போதுதான் இரவு ஷிப்ட் மாறும், சாப்பாடு வரும், பெரியவர்கள் சிலருக்குக் குழப்பமும் கூடும். மொத்த ஊழியர் எத்தனை என்று கேட்டால் தோட்டக்காரரையும் சேர்த்துச் சொல்வார்கள். இந்தத் தளத்தில், இன்று இரவு, எத்தனை பேர், அதில் நர்ஸ் யார் என்று கேளுங்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். வெள்ளை உடுப்பில் நிற்கும் எல்லோரும் நர்ஸ் அல்ல, பலர் சில வாரப் பயிற்சி பெற்ற அட்டெண்டர்கள். நர்சிங் படுக்கை வைத்து மருத்துவம் செய்யும் இடம் என்றால் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான கர்நாடகத்தின் கேபிஎம்இ பதிவுச் சான்றிதழ் எங்கே என்று பாருங்கள்.

குளியலறையில் அழைப்பு மணியின் கயிறு தரை வரை தொங்க வேண்டும். விழுந்து கிடப்பவருக்கு நெஞ்சு உயரத்தில் இருக்கும் பட்டன் எட்டாது. அனுமதி கேட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், யாராவது வர எத்தனை நிமிஷம் என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள் தாழ்ப்பாளை வெளியிலிருந்து விடுவிக்க முடிகிறதா? கதவு இடைவெளி 900 மில்லிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கே மூச்சு வாங்கும். லிப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் நுழையுமா? இது முக்கியம். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் உள்ள தளத்துக்குப் போய், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்த குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் கட்டமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், நாளை காலை வரைக்கும் நிரப்பியிருந்தால் கிளம்பிவிடுங்கள்.

பெங்களூருக்கே உரிய இரண்டு கேள்விகள். ஒன்று தண்ணீர். 2024 கோடையில் போர்வெல்லை நம்பியிருந்த புறநகர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். காவிரி இணைப்பு இருக்கிறதா, அல்லது மார்ச் வந்தால் டேங்கர்தானா? இரண்டு, மருத்துவமனைத் தூரம். பெரிய சீனியர் லிவிங் வளாகங்கள் சர்ஜாபூர், தேவனஹள்ளி, கனகபுரா ரோடு என்று ஓரங்களில்தான் இருக்கின்றன. ‘ஆறு கிலோமீட்டர்தான்’ என்பார்கள். வார நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் அவகாசம். அது அறிகுறி தொடங்கிய நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. இருபத்துநாலு மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் இடமா என்பதையும் சேர்த்து விசாரியுங்கள்.

பணமும் ஒப்பந்தமும்

விலைக்கு வாங்குவது, பெரிய டெபாசிட் கட்டி ஆயுள்காலம் தங்குவது, மாத வாடகை என்று மூன்று வகை. புதிதாக வருபவர்களுக்கு மாத வாடகைதான் சரி. ஊரில் இருக்கும் வீட்டை விற்று டெபாசிட் கட்டும் யோசனையை ஆறு மாதமாவது தள்ளிப் போடுங்கள். பெற்றோருக்கு இந்த ஊர் பிடிக்காமல் போவது சாதாரணம், அப்போது திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும். வாங்குவதாகவே இருந்தாலும், பதிவு செய்த ஒப்பந்தம் கையில் வரும் முன் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும்; நூறு ரூபாய் முத்திரைத்தாளில் பத்து வருஷக் குத்தகை எழுதி லட்சக்கணக்கில் டெபாசிட் கட்டினால், திரும்பக் கேட்கும் நாளில் அந்தத் தாள் கோர்ட்டில் நிற்காது.

சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் 50,000 என்று பேசி, 18 சதவீதம் சேர்ந்தால் 59,000. ஆண்டுக்கு 8 சதவீதம் ஏற்றம் என்று ஒரு வரி இருந்தால், ஐந்து ஏற்றத்துக்குப் பிறகு அந்த 50,000, வரி சேர்க்காமலே, 73,500-ஐ ஒட்டி வந்துவிடும். டயபர், பிசியோதெரபி, மருத்துவமனைக்குத் துணை போகும் ஆள், ஆக்சிஜன் இதெல்லாம் தனியா? அவர் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா?

மிகவும் தேவையான வரி வெளியேற்றம் பற்றியது. எந்த நிலை வந்தால் வைத்துக்கொள்ள மாட்டீர்கள்? மூக்கு வழி உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண், கை ஓங்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும்: இரவு ஒரு மணிக்கு உயிர் பிரிந்தால் இறப்புக்கான மருத்துவச் சான்று தரும் டாக்டர் யார்? அது இல்லாமல் தகனத்துக்கு அலைய நேரிடும்.

தமிழ், சாப்பாடு, தாள்கள்

பெங்களூரில் தமிழ் தெரிந்த ஊழியர் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் அட்டெண்டர்களில் பலர் ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருபவர்கள். ‘நெஞ்சு கரிக்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘கால் மரத்துப்போச்சு’ போல அம்மா வழக்கமாகச் சொல்லும் பத்து வாக்கியங்களை இந்தி, கன்னட எழுத்தில் பொருளோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். சாம்பாரில் வெல்லம் இருக்கும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தமிழ்ப் பேச்சுத் துணை வேண்டும் என்றால் அல்சூர், அதையொட்டிய பகுதிகளில் உள்ள சிறிய இல்லங்களைக் கேட்டுப் பாருங்கள். ஓசூரில் விலை குறையலாம், ஆனால் எல்லை தாண்டினால் எல்லாம் தமிழ்நாட்டுச் சட்டம், தமிழ்நாட்டு ரெரா.

ஆதார் முகவரியை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கர்நாடக முகவரி இருந்தால் அம்மாவுக்கு சக்தி திட்டத்தில் சாதாரண அரசுப் பேருந்துகளில் இலவசப் பயணம் கிடைக்கும். ஆனால் ஊர் ரேஷன் கார்டோடு கட்டிய சலுகைகள் அறுந்துபோகலாம். இரண்டையும் எடை போட்டுவிட்டுச் செய்யுங்கள். ஓய்வூதியர் என்றால் ஜீவன் பிரமாண் என்ற உயிர்வாழ் சான்றிதழை இங்கிருந்தே தரலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுப்பார். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஊர் மாறியதைச் சொல்லிவிடுங்கள், சில பாலிசிகளில் பெருநகரச் சிகிச்சைக்கு உங்கள் பங்கு கூடும். இல்லக் கட்டணத்தையும் அட்டெண்டர் சம்பளத்தையும் மெடிக்ளெய்ம் பொதுவாகத் தராது. மறதி நோய் ஆரம்பத்தில் இருந்தால், வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கும்படி இப்போதே மாற்றுங்கள். எழுதிக் கொடுத்தவருக்கு மனத்திறன் போய்விட்டால் பவர் ஆஃப் அட்டர்னி செல்லாது. பிறகு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.

கையெழுத்துக்கு முன் நாலு வாரம் சோதனைத் தங்கல் கேளுங்கள், டெபாசிட் இல்லாமல், மாதக் கட்டணத்தில். சேரும் அன்று எடை பாருங்கள், இரண்டாம் வாரமும் நாலாம் வாரமும் அதே எடைக்கருவியில் பாருங்கள். இரண்டு கிலோ குறைந்தால் சமையலறையில் போய் விசாரியுங்கள்: அவர் சாப்பிடவில்லையா, ஊட்ட ஆள் இல்லையா, பல்செட் கழற்றி வைத்தது வைத்தபடி இருக்கிறதா? அந்த நாலு வாரத்துக்குள் ‘ஆஃபர் முடியப் போகிறது, அறை போய்விடும்’ என்று ஆலோசகர் நெருக்கினால், அறை போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.